வேட்பாளரின் வண்டி போன பிறகு: குமரி மாவட்டத்தில் தேர்தல் பிரசாரத்தைச் செய்தியாக்குவது எப்படி

தேர்தல் வந்தால் கன்னியாகுமரி மாவட்டத்தைப் பற்றி வெளியாகும் கட்டுரைகளில் பாதியை ஊருக்கு வராமலேயே எழுதிவிடலாம். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி 18.70 லட்சம் மக்கள்; இந்துக்கள் ஏறத்தாழ 49 சதவீதம், கிறிஸ்தவர்கள் 47, முஸ்லிம்கள் 4. இதனோடு சாதிப் பெயர்கள் நான்கு, 'கடும் போட்டி' என்றொரு சொல், திருவள்ளுவர் சிலையின் படம் ஒன்று. கட்டுரை தயார்.

அந்தக் கணக்கு பொய்யல்ல, ஆனால் அதைக் கொண்டு எதையும் விளக்க முடிவதில்லை. 2021 சட்டமன்றத் தேர்தலில் இங்குள்ள ஆறு தொகுதிகள் நான்கு கட்சிகளுக்குப் போயின: குளச்சல், விளவங்கோடு, கிள்ளியூர் காங்கிரஸுக்கு; பத்மநாபபுரம் தி.மு.க.வுக்கு, நாகர்கோவில் பா.ஜ.க.வுக்கு, கன்னியாகுமரி அ.தி.மு.க.வுக்கு. தமிழ்நாட்டின் முதல் பா.ஜ.க. சட்டமன்ற உறுப்பினரை 1996-இல் தேர்ந்தெடுத்தது பத்மநாபபுரம். 2004-இல் நாகர்கோவில் நாடாளுமன்றத் தொகுதியில் வென்றவர் மார்க்சிஸ்ட் கம்யூனிஸ்ட் கட்சியின் பெல்லார்மின். இதற்கிடையில் மக்கள்தொகை விகிதம் ஒன்றும் தலைகீழாகிவிடவில்லை. மாறியது வேறு ஏதோ. அது என்ன என்று தேடுவதுதான் பிரசாரக் காலத்தில் நிருபரின் வேலை. அதற்கு வேட்பாளரின் திறந்த ஜீப்புக்குப் பின்னால் ஓடுவதைவிட, ஜீப் போன பிறகும் அந்த ஊரில் நிற்பது பயன் தரும்.

இந்த வழிகாட்டி மாவட்டச் செய்தியாளர்களையும் பகுதிநேர நிருபர்களையும் மனத்தில் வைத்து எழுதப்பட்டது. சென்னையிலிருந்து இரண்டு நாள் வந்து போகிறவர்கள் மூன்றாம் படியையாவது படித்துவிட்டு ரயில் ஏறலாம்.

படி 1: தேதி அறிவிக்கும் முன்பே கோப்பைத் திறந்து வையுங்கள்

தேர்தல் தேதி அறிவித்த மறுநாளிலிருந்து உங்களுக்குப் படிக்க நேரம் இருக்காது. எனவே, இரண்டு மூன்று மாதங்களுக்கு முன்பே மூன்று விஷயங்களைச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

முதலாவது, படிவம் 20. ஒவ்வொரு வாக்குச்சாவடியிலும் எந்த வேட்பாளருக்கு எத்தனை வாக்கு விழுந்தது என்பதைச் சொல்லும் இறுதி முடிவுத் தாள் இது. மாநிலத் தலைமைத் தேர்தல் அதிகாரியின் இணையதளத்தில் கிடைக்கும். குமரிக்காரர்களுக்கு இதில் ஓர் அரிய வசதி உண்டு. 2021 ஏப்ரல் 6 அன்று சட்டமன்றப் பொதுத்தேர்தலும், நாடாளுமன்ற உறுப்பினர் வசந்தகுமார் மறைவால் வந்த நாடாளுமன்ற இடைத்தேர்தலும் ஒரே நாளில் நடந்தன. அதே வாக்காளர், அதே சாவடி, இரண்டு இயந்திரங்கள். இரண்டு படிவங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். எந்த ஊரில் மக்கள் சட்டமன்றத்துக்கு ஒரு கூட்டணியையும் நாடாளுமன்றத்துக்கு இன்னொன்றையும் தேர்ந்தெடுத்தார்கள் என்று தெரியும். அந்த ஊர்களுக்குத்தான் நீங்கள் முதலில் போக வேண்டும். விளவங்கோட்டில் 2024 ஏப்ரல் 19 அன்றும் இதே போல நாடாளுமன்றத் தேர்தலோடு சட்டமன்ற இடைத்தேர்தல் நடந்தது.

இதில் இரண்டு எச்சரிக்கைகள். சாவடி எண்கள் தேர்தலுக்குத் தேர்தல் மாறும். சாவடிகளைப் பிரிப்பார்கள், சேர்ப்பார்கள். எண்ணை நம்பாமல் பள்ளியின் பெயரையும் தெருவையும் வைத்து ஒப்பிடுங்கள். இரண்டாவது, 2009-க்கு முந்தைய நாடாளுமன்றத் தேர்தல் கணக்குகளை இன்றைய தொகுதியோடு நேரடியாக ஒட்ட வேண்டாம். தொகுதி மறுசீரமைப்பில் திருவட்டாறு சட்டமன்றத் தொகுதி மறைந்தது. நாகர்கோவில் நாடாளுமன்றத் தொகுதி போய்க் கன்னியாகுமரித் தொகுதி வந்தது. 1969 இடைத்தேர்தலில் காமராஜர் வென்ற நாகர்கோவில் தொகுதியைப் பேச்சாளர்கள் இன்றும் மேடையில் இழுப்பார்கள். இழுக்கட்டும். நீங்கள் எல்லைகளைச் சரிபாருங்கள்.

சேர்க்க வேண்டிய இரண்டாவது பொருள், கடந்த தேர்தலில் ஊர் ஊராகக் கொடுத்த நோட்டீஸ்கள். தேர்தல் அறிக்கையை யாரும் எப்போதும் தேடி எடுக்கலாம். ஆனால், 'இந்த ஊருக்குப் பாலம் கட்டித் தருவேன்' என்று ஒரு பக்கத்தில் அச்சடித்த தாள் தேர்தல் முடிந்த வாரமே காணாமல் போய்விடும். அச்சகத்தின் பெயரும் வெளியிட்டவர் பெயரும் அதில் இருக்க வேண்டும் என்பது மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 127ஏ பிரிவு. அந்தப் பெயர்கள் இல்லாத நோட்டீஸ் கையில் கிடைத்தால் அதுவே ஒரு செய்தி.

மூன்றாவது, தொலைபேசி எண்கள். கட்சி நிர்வாகிகளின் எண்கள் எல்லோரிடமும் இருக்கும். உங்களிடம் இருக்க வேண்டியவை பூத் கமிட்டிக்காரர், ரேஷன் கடை ஊழியர், மீனவர் சங்கச் செயலாளர், ரப்பர் வியாபாரி, ஆட்டோ நிறுத்தத்தில் மூத்தவர் ஆகியோரின் எண்கள்.

படி 2: பிரமாணப் பத்திரத்தைப் பழையதோடு சேர்த்துப் படியுங்கள்

வேட்புமனுத் தாக்கல் அன்று ஊர்வலப் படம் எல்லோருக்கும் கிடைத்துவிடும். அன்று மாலையே தேர்தல் ஆணையத்தின் தளத்தில் வேட்பாளரின் பிரமாணப் பத்திரமான படிவம் 26 ஏறத் தொடங்கும். சொத்து, கடன், வழக்கு, கல்வி எல்லாம் அதில் இருக்கும். 'வேட்பாளருக்கு இத்தனை கோடி சொத்து' என்ற தலைப்போடு நின்றுவிடாதீர்கள். அதே வேட்பாளர் முன்பு போட்டியிட்டிருந்தால் பழைய பத்திரத்தை எடுத்து, எந்த நிலம் புதிதாக வந்தது, எந்தக் கடன் மறைந்தது என்று பாருங்கள்.

வழக்குகளில் கவனம் வேண்டும். இந்த மாவட்டத்தில் சாலை மறியல், துறைமுக எதிர்ப்பு, ஒக்கி புயலுக்குப் பிந்தைய போராட்டம் என்று பொதுவாழ்வில் இருப்பவர்கள் மேல் வழக்குகள் குவிந்து கிடப்பது சாதாரணம். மறியல் வழக்கையும் மோசடி வழக்கையும் ஒரே எண்ணிக்கையில் சேர்த்து '11 வழக்குகள்' என்று எழுதுவது வாசகரை ஏமாற்றுவது. எந்தப் பிரிவு, எந்த நிலை, குற்றச்சாட்டுப் பதிவாகிவிட்டதா என்று மூன்றையும் எழுதுங்கள். குற்ற வழக்கு உள்ள வேட்பாளர், மனு வாபஸ் பெறும் கடைசி நாளுக்குப் பிறகு மூன்று முறை பத்திரிகையிலும் தொலைக்காட்சியிலும் அதை விளம்பரப்படுத்த வேண்டும். அவரை ஏன் நிறுத்தினோம் என்று கட்சியும் காரணம் சொல்ல வேண்டும் என்று 2020-இல் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. அந்த விளம்பரம் எந்தப் பத்திரிகையில், எந்த மூலையில் வந்தது என்று பாருங்கள். கட்சிகள் சொல்லும் காரணங்களை வரிசையாக வெளியிட்டாலே போதும், வாசகர் மற்றதைப் புரிந்துகொள்வார்.

முன்னணி வேட்பாளரின் பெயரையே கொண்ட சுயேச்சைகளையும் விட்டுவிடாதீர்கள். டெபாசிட் தொகையை, நாடாளுமன்றத்துக்கு 25,000 ரூபாய், சட்டமன்றத்துக்கு 10,000 ரூபாய், அவர்களுக்காக யார் கட்டினார்கள் என்று விசாரித்துப் பாருங்கள்.

படி 3: வேட்பாளரின் பயணத் திட்டத்தை மடித்து வைத்துவிட்டு, வாக்காளரின் நாட்காட்டியை எடுங்கள்

கட்சி அலுவலகம் தினமும் இரவு வாட்ஸ்அப்பில் அனுப்பும் பயணத் திட்டம் கட்சியின் வசதிக்கானது. குமரி மாவட்டத்து மக்கள் எந்த நேரத்தில் எங்கே இருப்பார்கள் என்பதைத் தீர்மானிப்பது கடலும் ரப்பரும் நெல்லும்தான்.

கடற்கரையிலிருந்து தொடங்குவோம். ஒரே மாவட்டத்தில் இரண்டு மீன்பிடித் தடைக்காலங்கள் உள்ள இடம் இது. சின்னமுட்டம் பக்கம் கிழக்குக் கடற்கரைக் கணக்கு: விசைப்படகுகளுக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை தடை. மணக்குடி முதல் நீரோடி வரை மேற்குக் கடற்கரைக் கணக்கு: ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. 2024-இல் வாக்குப்பதிவு ஏப்ரல் 19. அதாவது சின்னமுட்டத்து விசைப்படகுகள் கரையில் கட்டப்பட்டிருந்த நாளில் மேற்குக் கரைப் படகுகளுக்குத் தடை தொடங்கவே இல்லை. 'மீனவர் வாக்கு' என்று ஒரே மூட்டையாகக் கட்டி எழுதுகிறவர்கள் இந்த ஒரு வேறுபாட்டையாவது கவனிக்க வேண்டும்.

தூத்தூர் வட்டாரத்து ஊர்கள் இன்னும் தனி. நீரோடி முதல் இரயுமன்துறை வரையுள்ள இந்த ஊர்களின் ஆண்கள் சுறா பிடிப்பில் பெயர்பெற்ற ஆழ்கடல் மீனவர்கள். கொச்சி போன்ற துறைமுகங்களிலிருந்து புறப்பட்டு வாரக்கணக்கில் கடலில் இருப்பார்கள். கடலில் இருப்பவருக்குத் தபால் வாக்கு கிடையாது. வளைகுடாவில் வேலை செய்பவரும் நேரில் வந்தால்தான் வாக்களிக்க முடியும். எனவே, இந்த ஊர்களில் பிரசாரத்தைக் கேட்பவர்களும் வாக்களிப்பவர்களும் பெரும்பாலும் பெண்களும் முதியவர்களும். ஆனால், செய்தியில் பேட்டி கொடுப்பவர் யார் என்று பாருங்கள்: தேநீர்க் கடையில் அமர்ந்திருக்கும் நான்கு ஆண்கள். அந்தக் கடையைத் தாண்டி மீன் ஏலம் போடும் இடத்துக்கும், மகளிர் குழுக் கூட்டத்துக்கும் போங்கள். 2017 நவம்பர் இறுதியில் ஒக்கி கொண்டுபோன கணவனுக்காகப் பெற்ற நிவாரணம் இன்று எந்த நிலையில் இருக்கிறது, தேங்காய்ப்பட்டணம் துறைமுக முகத்துவாரத்தில் படகு கவிழ்வது ஏன் தொடர்கிறது என்று கேளுங்கள். வேட்பாளர் அந்த ஊரில் என்ன பேசினார் என்பதைவிட, எந்தக் கேள்வி வந்தபோது ஒலிபெருக்கியின் சத்தத்தைக் கூட்டினார்கள் என்பதை அவர்கள் சொல்வார்கள்.

மலையோரம் வேறு கடிகாரம். குலசேகரம், அருமனை, கீரிப்பாறை பக்கம் ரப்பர் பால்வடிப்புத் தொழிலாளர்கள் விடியும் முன்பே மரங்களுக்குப் போய்விடுவார்கள். முற்பகலில் பால் சேகரித்துக் கொடுத்த பிறகுதான் பேச நேரம். கோடை மாதங்களில் பால் குறையும், வருமானமும் குறையும். பெரும்பாலும் அப்போதுதான் தேர்தலும் வரும். அரசு ரப்பர் கழகத் தொழிலாளியும், ஐம்பது சென்ட் வைத்திருக்கும் சிறு விவசாயியும் ரப்பர் விலையைப் பற்றி ஒரே கருத்து கொண்டிருக்க மாட்டார்கள். ஒருவருக்குக் கூலி உயர்வு, மற்றவருக்குக் கொள்முதல் விலை. பேச்சிப்பாறை அணை நீரைப் படகில் கடந்து போக வேண்டிய காணிப் பழங்குடியினரின் குடியிருப்புகளும் உண்டு. பெரும்பாலான பிரசார வண்டிகள் கரையோடு திரும்பிவிடும். நீங்கள் படகேறினால் அந்தச் செய்தி உங்களுக்கு மட்டுமே கிடைக்கும்.

தோவாளைப் பூச்சந்தைக்கு விடியற்காலையில் போக வேண்டும். மார்த்தாண்டம் பக்கத்து முந்திரி ஆலைப் பெண்களைச் சந்திக்க வேலை முடியும் நேரத்தில் வாசலில் நில்லுங்கள். உள்ளே மேற்பார்வையாளர் முன்னிலையில் யாரும் மனம் திறக்க மாட்டார்கள். களியக்காவிளை, கொல்லங்கோடு பகுதிகளில் மலையாளம் பேசும் வீடுகள் நிறைய உண்டு. அங்கே பேசியதை அப்படியே பதிவுசெய்து பிறகு எழுதுங்கள், அவசரத்தில் மொழிபெயர்க்க வேண்டாம்.

படி 4: கூட்டத்தில் எங்கே நிற்பது

மேடைக்கு முன்னால் நின்றால் தலைவர் தெரிவார். பின்வரிசையில் நின்றால் கூட்டம் தெரியும். யார் பாதியில் எழுந்து போகிறார்கள், வேன்கள் எந்த ஊர்ப் பெயரோடு வந்திருக்கின்றன, நாற்காலிகள் எத்தனை வரிசை என்று குறித்துக்கொள்ளுங்கள். நாகர்கோவில் நாகராஜா கோயில் திடலில் எத்தனை பேர் கொள்ளும் என்று ஒருமுறை காலால் அளந்து வைத்துக்கொண்டால், 'லட்சம் பேர் திரண்டனர்' என்று கட்சிக்காரர் சொல்லும்போது புன்னகைத்துவிட்டு வேறு எண்ணை எழுதலாம்.

பேச்சில் தேட வேண்டியது ஒன்றுதான்: இடத்துக்கு இடம் என்ன மாறுகிறது? துறைமுகம் பற்றிக் குளச்சல் கடற்கரையில் ஒன்று, நகரத்து வணிகர்கள் முன் வேறொன்று பேசப்படுகிறதா? காலை, மாலை இரண்டு கூட்டங்களின் ஒலிப்பதிவையும் கேட்டு, இரண்டு மேற்கோள்களையும் தேதி, இடத்துடன் அடுத்தடுத்து வையுங்கள். உங்கள் கருத்தை அதில் சேர்க்க வேண்டிய தேவையே வராது.

படி 5: வாக்குறுதியை யார் நிறைவேற்ற முடியும் என்று கேளுங்கள்

நாடாளுமன்ற வேட்பாளர் தெருவிளக்கு தருவேன் என்பார். சட்டமன்ற வேட்பாளர் ரப்பர் இறக்குமதி வரியை உயர்த்துவேன் என்பார். இரண்டையும் அப்படியே அச்சிடுவது நம் பழக்கமாகிவிட்டது. நான்குவழிச் சாலை மத்திய அரசின் தேசிய நெடுஞ்சாலைத் திட்டம். இறக்குமதி வரியும் மத்திய அரசின் கையில். அரசு ரப்பர் கழகத்தின் கூலி மாநில அரசின் பொறுப்பு. நாகர்கோவிலின் குடிநீர்க் குழாய் மாநகராட்சியின் வேலை. கிள்ளியூர் வட்டாரத்தில் 1,144 ஹெக்டேரில் அணுக் கனிம மணல் எடுக்கும் திட்டம் போன்றவற்றில் மத்திய, மாநில அரசுகள் இரண்டின் அனுமதிகளும் பின்னிக் கிடக்கின்றன. ஒரு கட்சி இங்கே எதிர்த்துக்கொண்டு வேறிடத்தில் கையெழுத்துப் போட முடியும்.

எந்த வாக்குறுதிக்கும் நான்கு கேள்விகள் போதும். எந்தத் துறை? எந்த நிதி? யாருடைய அனுமதி? எந்த ஆண்டுக்குள்? வேட்பாளர் பதில் சொல்லாவிட்டால், 'கேட்டோம், பதில் தரவில்லை' என்று எழுதுங்கள். கேட்காமல் அப்படி எழுதக் கூடாது.

படி 6: மதமும் சாதியும்

இதை ஒதுக்கிவிட்டு எழுத முடியாது. எழுதும் விதத்தில்தான் எல்லாம் இருக்கிறது. 1982 மார்ச்சில் மண்டைக்காட்டில் தொடங்கிய இந்து-கிறிஸ்தவக் கலவரத்தை அனுபவித்தவர்கள் இன்னும் நம் வாசகர்களாக இருக்கிறார்கள். பிரசாரக் காலத்தில் ஒரு கொடிக்கம்பம் சாய்ந்ததை 'இரு தரப்பினரிடையே மோதல்' என்று போடுவதற்கு முன், சம்பவ இடத்துக்கு ஒருமுறை போய்விட்டு வாருங்கள். வேறு பத்திரிகை முந்திக்கொண்டால் முந்தட்டும்.

'சர்ச் உத்தரவு' என்ற சொற்றொடரை, கையில் சுற்றறிக்கை இல்லாமல் எழுத வேண்டாம். முதலில், எந்த சர்ச்? கோட்டாறு மறைமாவட்டம், 2014-இல் அதிலிருந்து பிரிந்த குழித்துறை மறைமாவட்டம், சீரோ மலபார், சீரோ மலங்கரா மறைமாவட்டங்கள், தென்னிந்தியத் திருச்சபை, இவை போகப் பெந்தெகொஸ்தே சபைகள். இவை எல்லாம் ஒரே குரலில் பேசுவதில்லை. பேசினாலும் பீடத்தில் சொன்னது பூத்தில் அப்படியே விழுவதில்லை. சாமித்தோப்பின் அய்யாவழி மக்களை எந்தக் கட்டத்தில் போடுவது என்று தெரியாமல் விழிக்கிற கட்டுரைகளும் உண்டு. மறுபக்கத்தில், கோயில் திருவிழா மேடையில் யாருக்கு முதல் மரியாதை என்பதும் பிரசாரம்தான். வழிபாட்டு இடத்தைத் தேர்தல் மேடையாக்கக் கூடாது என்று நடத்தை விதி சொல்கிறது. மத நிறுவனங்களின் தவறான பயன்பாட்டைத் தடுக்கும் 1988 சட்டமும் இருக்கிறது. மதத்தின் பெயரால் வாக்குக் கேட்பது மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 123(3) பிரிவின்கீழ் முறைகேடு. வேட்பாளரின் மதம் மட்டுமல்ல, வாக்காளரின் மதத்தைச் சொல்லிக் கேட்டாலும் அப்படித்தான் என்று 2017-இல் உச்ச நீதிமன்றத்தின் ஏழு நீதிபதிகள் அமர்வு பெரும்பான்மையாகச் சொன்னது. எல்லாத் தரப்பையும் ஒரே அளவுகோலால் அளந்து பாருங்கள்.

வெறுப்புப் பேச்சைச் செய்தியாக்கும்போது அதன் மிக மோசமான வரியைத் தலைப்பில் ஏற்றாதீர்கள். பேசியவருக்கு இலவச ஒலிபெருக்கியாகிவிடும்.

படி 7: பணத்தின் தடம்

2022-இல் உயர்த்தப்பட்ட வரம்பின்படி தமிழ்நாட்டில் நாடாளுமன்ற வேட்பாளர் 95 லட்சம், சட்டமன்ற வேட்பாளர் 40 லட்சம் ரூபாய் வரை செலவிடலாம். கட்சிக்கு வரம்பே இல்லை, ஓட்டை அங்கேதான். நாற்காலி, பந்தல், பிரியாணிப் பொட்டலம், வாடகை ஜீப் என்று ஒவ்வொன்றுக்கும் மாவட்டத் தேர்தல் அலுவலர் விலைப் பட்டியல் வெளியிடுவார். அதைக் கையில் வைத்துக்கொண்டு, ஒரே ஒரு கூட்டத்துக்கு முழுமையாகக் கணக்குப் போடுங்கள். வேட்பாளரின் செலவுக் கணக்கைப் பிரசாரக் காலத்தில் மூன்று முறை ஆய்வு செய்வார்கள். அந்தப் பதிவேட்டில் நீங்கள் எண்ணிய கூட்டம் எத்தனை ரூபாயாக எழுதப்பட்டிருக்கிறது என்று ஒப்பிடுங்கள். உழைப்பு அதிகம், ஆனால் ஒரு தேர்தலுக்கு இப்படி ஒரு செய்தி வந்தாலே வேட்பாளர் அலுவலகங்களில் நடை மாறும்.

பறக்கும் படையின் பறிமுதல் செய்திகள் எளிதாகக் கிடைப்பவை. களியக்காவிளையிலோ ஆரல்வாய்மொழியிலோ 50,000 ரூபாய்க்கு மேல் ஆவணமின்றிக் கொண்டுபோன பணம் பிடிபடும், படமும் வரும். ஆனால், கேரளத்துக்குப் போய்வரும் மீன் வியாபாரியின் பணமும் அதில் இருக்கும். ஆவணம் காட்டி அவர் பணத்தைத் திரும்பப் பெற்ற செய்தி மட்டும் எங்கும் வராது. பறிமுதலை எழுதியவர் விடுவிப்பையும் எழுத வேண்டும்.

படி 8: நம் வீட்டுக் கணக்கு

நம் மாவட்டங்களில் பல பகுதிநேர நிருபர்களுக்குச் சம்பளம் பெயரளவுக்குத்தான். விளம்பரக் கமிஷன்தான் வருமானம். செய்தி கேட்கப் போகும் அதே வேட்பாளரிடம் விளம்பரமும் கேட்க வேண்டிய நிலை. இதைப் பற்றிப் பத்திரிகை நிர்வாகங்கள் பேசுவதில்லை, எனவே நாம் பேசலாம். தேர்தல் முடியும்வரை விளம்பர வசூலை வேறொருவரிடம் ஒப்படைக்கச் சொல்லிக் கேளுங்கள். முடியாவிட்டால், யாரிடம் எவ்வளவு விளம்பரம் வாங்கினீர்கள் என்று செய்தி ஆசிரியருக்கு எழுத்தில் தெரிவித்துவிடுங்கள். 'கவர்', அதாவது உறையில் வைத்துத் தரும் பணம், வாங்குவதில்லை என்பதற்கு விளக்கம் தேவையில்லை. கட்சி வண்டியில் போக நேர்ந்தால் செய்தியில் அதைச் சொல்லுங்கள். பணம் வாங்கி வெளியிட்ட செய்தி என்று சந்தேகம் வந்தால், மாவட்ட ஊடகச் சான்றிதழ் மற்றும் கண்காணிப்புக் குழு அதை வேட்பாளரின் செலவில் சேர்க்கப் பரிந்துரைக்கலாம்.

படி 9: கடைசி 48 மணி நேரமும் அதன் பிறகும்

வாக்குப்பதிவு முடியும் நேரத்துக்கு முந்தைய 48 மணி நேரத்தில் தொலைக்காட்சி போன்ற ஊடகங்களில் தேர்தல் பிரசாரப் பொருளைக் காட்ட மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 126-ஆவது பிரிவு தடை விதிக்கிறது. கருத்துக் கணிப்பு வெளியிடும் ஆசையையும் அடக்கிக்கொள்ளுங்கள். சாவடிக்குள் போக ஆணையத்தின் அனுமதிக் கடிதம் வேண்டும். வாக்களிக்கும் மறைவிடத்தைப் படம் எடுக்கவே கூடாது. மாலையில் சொல்லும் வாக்குப்பதிவு சதவீதம் தற்காலிகமானது. இறுதி எண் மாறினால் அதைச் சதி என்று எழுதுவதற்கு முன், சாவடியில் பதிவான வாக்குகளின் கணக்கைச் சொல்லும் படிவம் 17சி நகல்களைப் பூத் ஏஜென்டுகளிடம் கேட்டு ஒப்பிடுங்கள்.

எண்ணிக்கை நாளில் ஒரு நுணுக்கம். வழக்கமாகச் சட்டமன்றத் தொகுதிக்கு 14 மேசைகள், ஒரு சுற்றுக்கு 14 சாவடிகள். அடுத்தடுத்த எண் கொண்ட சாவடிகள் பெரும்பாலும் அடுத்தடுத்த ஊர்கள். எனவே, முதல் மூன்று சுற்றுகளில் வரும் முன்னிலை தொகுதியின் ஒரு மூலையைத்தான் காட்டும். மலையோரமும் கடலோரமும் உள்ள தொகுதியில் இது இன்னும் ஏமாற்றும். சாவடிப் பட்டியலைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, இந்தச் சுற்றில் எந்த ஊர்கள் எண்ணப்படுகின்றன என்று சொல்லுங்கள்.

முடிவு வந்து 30 நாட்களுக்குள் ஒவ்வொரு வேட்பாளரும் இறுதிச் செலவுக் கணக்கைத் தாக்கல் செய்ய வேண்டும். அதற்குள் பெரும்பாலான நிருபர்கள் வேறு செய்திக்குப் போயிருப்பார்கள். மாவட்டத் தேர்தல் அலுவலகத்தில் விண்ணப்பம் கொடுத்து நகல் வாங்குங்கள். ஏழாம் படியில் நீங்கள் எண்ணிய நாற்காலிகள் அந்தக் கணக்கில் இருக்கின்றனவா என்று பார்த்து எழுதுங்கள்.